கடலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். நான் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கை பேனா பிடித்ததைவிட வெங்காயம் வெட்டும் கத்தி பிடித்ததுதான் அதிகம். எங்கே பெரிய 'ற' வரும், எங்கே சின்ன 'ர' வரும் என்பது இன்றைக்கும் எனக்கு அதிர்ஷ்டத்தைப் பொறுத்த காரியம். கெல்சென்கிர்ச்சனில் என் மகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்குப் பெற்றோரும் ஏதாவது எழுத வேண்டும் என்று அவளுடைய ஆசிரியை கேட்டார். நான் கூட்டங்களில் கடைசிக் கதிரையில் இருந்துவிட்டு, தேத்தண்ணீர் கொடுக்கத் தொடங்கும்போது மெல்ல எழும்பிப் போகிறவன். ஏலாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன். தலையாட்டி மூன்று மலர் வந்துவிட்டது. இதைக் கணினியில் அடிக்கப்போகும் பள்ளிக்கூடத்துத் தங்கச்சி எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஆட்கள் பேசியதை மட்டும் அப்படியே விட்டுவிடவும். அவர்கள் அப்படித்தான் பேசினார்கள்.

நாங்கள் ஜேர்மனிக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. அப்பா, அம்மா, நான். சித்தப்பா சில மாதம் பிந்தி வந்து சேர்ந்தார். எங்களை வடகடல் கரையில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பி, ஒரு பழைய விடுமுறை விடுதியில் இருத்தினார்கள். அகதிகள் இருந்த அந்தக் கட்டடத்தை எல்லோரும் ஹைம் என்றுதான் சொன்னோம். அன்ராக், அதாவது அகதி விண்ணப்பம், முடிவாகும்வரை அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அப்பாவும் சித்தப்பாவும் வேலை செய்யக் கூடாது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே மூன்று ஆண்கள் நாள் முழுக்க யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தோம். வெளியே புல் மூடிய நீளமான மண் அணை. அணையின்மேல் செம்மறி ஆடுகள். அதற்கு அந்தப் பக்கம் கடல்.

கடல் என்று சொன்னாலும் பாதி நாள் அது அங்கே இருக்காது. எழும்பி எங்கேயோ போய்விடும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சாம்பல் நிறச் சேறுதான் மினுங்கிக்கொண்டு கிடக்கும். பிறகு பார்த்தால் ஒரு சத்தமும் போடாமல் திரும்பி வந்திருக்கும். எங்கள் ஊரிலும் ஆழமில்லாத பரவைக் கடல்தான். ஆனால் அது இப்படி வீட்டைத் திறந்து போட்டுவிட்டு எழும்பிப் போனதில்லை.

அம்மாவின் வயிற்றில் அப்போது என் தங்கச்சி இருந்தாள். ஹைமில் பெட்டியில் கொடுக்கும் பாணையும் கட்டிப்பாலையும் தகரத்தில் அடைத்த இறைச்சியையும் அம்மாவால் பார்க்கவே முடியவில்லை. சோறு வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. நாளுக்கு நாள் கை மெலிந்து காப்புக் கழன்று விழத் தொடங்கியது. ஒருநாள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "கொஞ்சம் மட்டி கிடைச்சால் குழம்பு வைச்சுச் சாப்பிடுவன்" என்றார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அம்மா ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான்.

சேற்றில் மட்டி இருந்தது. ஊர்க்காரர்கள் வாளியோடு போய்க் கிண்டி எடுப்பதை யன்னலால் பார்த்திருக்கிறோம். அப்பா அடுத்த நாளே போவோம் என்றார். சித்தப்பாதான் ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் ஏன் அப்படி இருந்தார் என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா எங்களுக்கு முன்னமே ஊரை விட்டு வெளிக்கிட்டவர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ற் அவரை மலேசியாவரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். கிழக்குக் கரையில் ஒரு மலாய்க் கிராமத்தில், மீன்பிடிப் படகு ஒன்றில் வலை இழுக்கும் வேலை கிடைத்து, இரண்டு வருடம் அங்கே கிடந்தார். போனபோது கோயில் தேர் இழுத்த பெடியன். வந்தபோதும் திருநீறு பூசினார், தேவாரம் சொன்னார். ஆனால் தண்ணீர் என்று வந்துவிட்டால் அந்தக் கடற்கரை ஆட்களின் சட்டம்தான் அவருக்குச் சட்டம்.

படகில் செருப்போ சப்பாத்தோ ஏறக் கூடாது. சீக்காய் அடிக்கக் கூடாது, வாயால் விசில் ஊதினால் காற்று எழும்பும். நிலத்தில் வாழும் மிருகங்களின் பெயரை வாயில் எடுக்கக் கூடாது, கடலில் இருப்பவர்களுக்கு அது பிடிக்காது. புலியோ பாம்போ எருமையோ, எதைப் பற்றிப் பேச வேண்டி வந்தாலும் 'செவே' என்ற ஒரே சொல்தான். ஒருவரையொருவர் சொந்தப் பெயரால் கூப்பிடவும் மாட்டார்களாம். அவருடைய படகில் இளம் பெடியன்கள் எல்லோரும் 'அவாங்'. கடலோடு பேசத் தெரிந்த ஒரு பெரியவர் அந்தக் கரையில் இருந்தார், அவரைப் பவாங் என்பார்கள். அவர்தான் மஞ்சள் சோறும் பொரியும் வெற்றிலையும் வைத்துக் கடலிடம் அனுமதி கேட்பார். வைத்த பிறகு மூன்று நாளைக்கு ஒருவரும் கடலில் கால் வைக்க மாட்டார்கள். கொடுத்ததைச் சாப்பிட விட வேண்டுமாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் இன்னொன்று. தண்ணீரில் நிற்கும்போது, ஆளைக் காணாமல் குரல் மட்டும் வந்தால் பதில் சொல்லக் கூடாது.

"கடலுக்குச் சொந்தமாச் சத்தம் இல்லை" என்று சித்தப்பா சொல்வார். "அது எங்கடை ஆக்களின்ரை சத்தத்தை எடுத்துத்தான் கூப்பிடும். நீ ஓம் எண்டு சொன்னால், நீ வாறன் எண்டு சொன்ன மாதிரி."

அவருடைய படகில் கூட வலை இழுத்த ஒரு பெடியன், பனிப்புகார் மூடிய ஒரு காலையில், தன் தாய் கூப்பிடுகிறாள் என்று சொல்லிப் பதில் கொடுத்தானாம். தாய் அந்த நேரம் கரையில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுடைய வீடுகள் கால் நட்டு உயரத்தில் இருக்கும், இறங்க மரப்படி இருக்கும். அந்தப் பெடியன் பதில் சொல்லி முடித்துவிட்டு, வீட்டுப் படியால் இறங்குகிறவன் போல, அவசரப்படாமல், முகத்தில் ஒரு சிரிப்போடு, படகின் பக்கத்தால் இறங்கினானாம். "நானும் அவனும் ஒரே கயித்தைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள்" என்பார் சித்தப்பா. "கயிறு மட்டும் என்ரை கையிலை கிடந்தது." அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்ல மாட்டார்.

அப்பா ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். நிறுத்துப் பார்க்க முடியாத எதையும் நம்ப மாட்டார். மட்டிக்குப் போகும் கதை வந்தபோது சித்தப்பா, முதலில் கடலுக்குச் சோறு வைப்போம், மூன்று நாள் கழித்துப் போவோம் என்றார்.

"டேய், ஜேர்மன் கடலுக்கு மலாய்ப் பாஷை விளங்குமோடா?" என்று கேட்டார் அப்பா.

"கடல் ஒண்டுதான் அண்ணை. எங்களுக்குத்தான் விசா வேணும்."

அம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகவே அப்பா சோறு வைக்கச் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். ஆனால் மூன்று நாள் என்பதற்குச் சம்மதிக்கவில்லை.

"மூண்டு நாளைக்கு உவள் என்னத்தைச் சாப்பிடுறது? சோத்தை வை. வைச்சிட்டு இறங்குவம். அது தின்னுற நேரம் நாங்கள் கிண்டுவம்."

சித்தப்பா அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனை மீறி நடக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் போனோம். ஐப்பசி மாதத்துக்கு வெயில் நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஒரு பிடி அரிசியில் மஞ்சள் போட்டு அவித்துத் தந்தார். வாழையிலைக்கும் வெற்றிலைக்கும் பதிலாக முட்டைக்கோவா இலை. அணையைத் தாண்டி, புல் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில் சித்தப்பா குந்தியிருந்து இலையை வைத்தார். மலாயில் மெல்ல என்னவோ சொன்னார். குரல் முற்றாக வேறாக இருந்தது, வீட்டில் எங்கள் ஒருவரோடும் பேசாத குரல். அணைமேல் ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

பிறகு சித்தப்பா தன் சப்பாத்தைக் கழற்றி அணையின் புல்லில் வைத்தார். என்னையும் கழற்றச் சொன்னார். சேறு ஊசிபோலக் குத்தியது. அப்பா ஹைமில் கொடுத்த றப்பர் பூட்ஸோடு இறங்கினார்.

"அண்ணை, கழட்டுங்கோ."

"எனக்குச் சளி பிடிச்சால் உன்ரை பவாங்கே மருந்து தருவார்?"

கனதூரம் நடந்தோம். திரும்பிப் பார்த்தால் அணை ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. சேற்றில் அலை விட்டுப்போன வரிகளில் தண்ணீர் தேங்கி, அந்தத் தண்ணீரில் வானம் தெரிந்தது. வானம் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. காற்று இல்லை. நின்று கேட்டால் காலுக்குக் கீழே சேறு முழுக்கச் சின்னதாக வெடித்துக் கிசுகிசுக்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் நிறையப் பேர் ஒரு கதவுக்குப் பின்னால் தங்களுக்குள் பேசுவதுபோல இருந்தது. உள்ளே இருக்கும் பூச்சிகளின் சத்தம் அது என்று பிறகு ஒரு ஜேர்மன்காரர் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

மட்டி நிறைய இருந்தது. விரலால் கிண்டினாலே வந்தது. வாளி அரைவாசி நிரம்பியதும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழும்பி நின்று, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கடல் இருக்கும் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"ஆடு! மாடு! எருமை! யானை! பண்டி!"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சித்தப்பா கிண்டுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. இஞ்சை வேண்டாம்."

"ஏன்ரா? பண்டியெண்டால் உன்ரை கடலுக்குக் கோவம் வருமோ?" பிறகு இன்னும் உரத்து, "கழுதை!" என்றார். அது கடலுக்குச் சொன்னதா தம்பிக்குச் சொன்னதா தெரியாது.

சித்தப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் இருந்தார். நானும் அவரோடு போனேன். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் அங்காலை பாக்கிறன். நீ உன்ரை பெரியவரோடை இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இடப் பக்கமாக, அணைக்கோட்டை நோக்கி, பூட்ஸ் சளக் சளக் என்று சத்தம் போட நடந்தார். நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். குனிந்து இரண்டு மட்டி எடுத்தேன். நிமிர்ந்தபோது முதுகு இல்லை.

புகார் கடலில் இருந்து வரும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். இது வரவில்லை. இருந்த இடத்திலேயே எழும்பி நின்றது. வெயில் பால் நிறமாகி, பிறகு சாம்பலாகி, பிறகு சித்தப்பாவின் கையைப் பிடித்தால்தான் சித்தப்பா இருக்கிறார் என்று தெரிந்தது. கிசுகிசுத்த சேறும் பேச்சை நிறுத்திவிட்டது.

"அப்பா!" என்று கத்தினேன்.

இரண்டாம் தரம் கத்த வாய் திறப்பதற்குள் சித்தப்பாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. சேறும் மஞ்சளும் மணத்தது. அவர் அசையாமல் நின்றார். நானும் நின்றேன். அப்போது என்னைக் கூப்பிட்டது.

வீட்டில் மட்டும் என்னைக் கூப்பிடும் சின்னப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லித்தான் கூப்பிட்டது. அப்பாவின் குரல். அவர் அந்தப் பெயரின் கடைசி எழுத்தை இழுக்கும் இழுப்பு. பிறகு, "வா மோனை, இஞ்சாலை வா" என்றது.

நான் அந்தப் பக்கம் திரும்பினேன். சித்தப்பா என்னை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னார்.

"அவாங், வாயைத் திறவாதை. கொப்பர் இடப் பக்கமாப் போனவர். இது வலப் பக்கத்தாலை கேக்குது."

வலப் பக்கத்தில் கடல்தான் இருந்தது. ஆனால் எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது ஒன்றுதான். அப்பா தனியாக நிற்கிறார், தண்ணீர் வரப்போகிறது, என்னைக் கூப்பிடுகிறார், சித்தப்பா விடுகிறார் இல்லை. அவருடைய கையைக் கடித்தேன். வாயில் இரத்தம் உப்பாக வந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

குரல் திரும்பவும் கூப்பிட்டது. இப்போது கிட்ட. பெயரைச் சொல்லி, பெயரைச் சொல்லி, கெஞ்சியது. பிறகு அழத் தொடங்கியது. அப்பா அழுது நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கலவரத்தில் வீடு எரிந்தபோதும் அவர் அழவில்லை. அதனால் அது அப்பா இல்லை என்று நினைத்தேன். பிறகு, அப்பா அழுதால் இப்படித்தான் அழுவாராக்கும் என்றும் நினைத்தேன்.

கால்விரலில் குளிர்ந்த நூல் ஒன்று சுற்றியது. தண்ணீர். சித்தப்பா நடக்கவில்லை. நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாதத்தால் பார்த்தார். அது பாதத்தை மூடும்வரை பொறுத்தார்.

"இது கரைக்குப் போகுது. இதுக்குப் பின்னாலை போவம்."

வாளியை அங்கேயே விட்டார். என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் என் வாயைப் பொத்தியபடியே நடந்தார். என் முகம் பின்பக்கம் பார்த்தது. ஆகவே அந்த வழி முழுக்க நான் குரலைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது. வெள்ளைக்குள் இருந்து என் பெயர் வந்துகொண்டே இருந்தது. சித்தப்பாவின் முழங்காலுக்குத் தண்ணீர் வந்தபோது குரல் நின்றது. நின்றது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

புல் காலில் பட்டதும் சித்தப்பா என்னை இறக்கிவிட்டு, அதுவரை அடக்கிவைத்திருந்த குரலைத் திறந்து, "அண்ணை! அண்ணை!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நிலத்தில் நின்று கத்தலாம். பதில் இல்லை. திரும்பத் தண்ணீருக்குள் இறங்கப் போனார். நான் அவருடைய காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவர் அப்படியே குந்தியிருந்து, கடிபட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்கு நான் என்ன சொல்லுவன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என் அம்மாவையா, ஊரில் இருந்த தன் அம்மாவையா சொன்னார் என்று தெரியாது. தண்ணீர் மஞ்சள் சோறு வைத்த இடத்தை மூடிவிட்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அணையில் கொஞ்சம் தள்ளிப் புகாருக்குள் ஆடுகள் கலைந்து விலகின. விலகிய இடத்தால் அப்பா வந்தார். இடுப்புவரை சேறு. பூட்ஸ் இரண்டும் இல்லை, வெறுங்கால். அவர் ஓடி வரவில்லை. எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் எங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கிட்ட வந்து, அடுப்பில் இருக்கும் சட்டியைத் தொடுவதுபோல, ஒரு விரலால் என் தலையைத் தொட்டுப் பார்த்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவருடைய கை என் முதுகுக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அணைமேலால் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ஹைமில் அம்மா, "மட்டி எங்கை?" என்று கேட்டார். "தண்ணி வந்திட்டுது" என்று மட்டும் அப்பா சொன்னார். அம்மா எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, சுடுதண்ணீர் வைக்கப் போனார்.

அடுத்த நாள் காலை ஹைமின் குசினியில் இரண்டு பேரும் நின்றார்கள். அப்பா தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டு, சித்தப்பா கையில் சீலைத்துண்டு சுற்றிக்கொண்டு. நான் வாசலுக்கு வெளியே நிலத்தில் இருந்து ஒரு தகரக் காரை உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்கள் ஒன்றும் மறைக்கவும் இல்லை, என்னைக் கவனிக்கவும் இல்லை.

"அண்ணை, நேற்று நீங்கள் பெடியனைக் கூப்பிட்டனீங்களோ?"

"இல்லை."

"ஒருக்காலும்?"

"பூட்ஸ் சேத்துக்கை இறுகிப்போச்சு. காலை இழுத்து எடுக்கவே சீவன் போச்சுது. எங்காலை கூப்பிடுறது?" ஆற்றிய தேத்தண்ணீரை அப்பா குடிக்காமல் வைத்தார். "எனக்குப் பிள்ளையின்ரை சத்தம் கேட்டது."

"எத்தினை தரம்?"

"கனதரம். அப்பா, அப்பா எண்டு. கடல் பக்கத்தாலை."

சித்தப்பா சுற்றிய சீலையை இன்னும் இறுக்கிக் கட்டினார். நான் ஒரே ஒரு தரம்தான் கத்தினேன் என்பது அவருக்குத் தெரியும்.

"ஒரு பக்கம் ஆடு கத்தினது" என்றார் அப்பா. "ஒரு பக்கம் பிள்ளை கத்தினது. நீ சொன்னதெல்லாம் அப்பதான் ஞாபகம் வந்தது. நான் ஆட்டின்ரை பக்கம் நடந்தனான்."

"நல்ல வேலை செய்தீங்கள் அண்ணை. அந்தப் பக்கம் போயிருந்தால் ஆழம்."

"நல்ல வேலையோ?" அப்பா அதைக் கேள்வியாகக் கேட்டார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டார். "திரும்பிக்கூடப் பாக்கேல்லையடா நான்."

எனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது. யானையென்றும் பண்டியென்றும் கத்திய அப்பா கடைசியில் சித்தப்பாவின் பக்கம் வந்துவிட்டார். இனிச் சண்டை இல்லை. அதோடு, அப்பா ஆட்டின் பக்கம் போனார் என்பது எனக்கு நல்ல பகிடியாகவும் இருந்தது. அன்று முழுக்க அம்மாவிடம் போய்ப் போய், "அப்பா ஆட்டுக்குப் பின்னாலை போனவர்" என்று சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அம்மா கேட்ட மட்டியைப் பற்றி ஒருவரும் பிறகு பேசவில்லை. அந்த மாதத்தில் எப்படியோ சோறு இறங்கத் தொடங்கியது. தங்கச்சி நல்லபடியாகப் பிறந்தாள்.

சித்தப்பா இப்போது ஹனோவரில் இருக்கிறார். கையில் என் பல் பட்ட தழும்பைக் காட்டி, "இவன் சின்னனிலை கடிநாய்" என்று என் மகளுக்குச் சொல்லுவார். அப்பா காலமாகிவிட்டார். அவர் கடைசிவரை கடல் பக்கம் போகவில்லை என்பது பெரிய விசயம் இல்லை, நாங்கள் பிறகு வந்து குடியேறிய கெல்சென்கிர்ச்சனில் கடல் எங்கே இருக்கிறது.

ஆனால் அந்த நாளுக்குப் பிறகு ஹைமில் எனக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்தது. நான் எங்கே நின்று "அப்பா" என்று கூப்பிட்டாலும் அவர் வந்தார். முன்பு அப்படி இல்லை, முன்பு ஐந்து தரம் கூப்பிட்டால் ஒருதரம் "என்னடா" என்பார். இப்போது முதல் கூப்பிடலிலேயே, "இஞ்சை இருக்கிறன்! வாறன்!" என்று கத்திக்கொண்டு வந்தார். முகத்தில் பாதி சவரத்தோடு வந்தார். சாப்பிட்ட கையோடு வந்தார். பிற நாட்டு ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். நீளமான நடைவழியின் கடைசியில் போய் ஒளித்து நின்று, ஒரு தேவையும் இல்லாமல் "அப்பா!" என்பேன். பிறகு மாடிப்படியின் கீழே இருந்து. பிறகு குளியலறைக்குள் இருந்து. ஒவ்வொரு தரமும் மூச்சு வாங்க ஓடி வருவார். ஒருதரமாவது ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. சிரிக்கவும் இல்லை.

வந்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டார். என் காலைப் பார்ப்பார். இரண்டு பாதமும் நிலத்தில் நிற்கிறதா என்று குனிந்து, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார். பேய்க்குக் கால் நிலத்தில் படாது என்பது எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நிலம் குளிர் என்பதால், காலுறை போட்டேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அதனால் அவர் குனியும்போதெல்லாம், ஒரு காலைத் தூக்கி, மேஸ் போட்டிருக்கிறேன் பாருங்கோ என்று காட்டினேன்.

எழுதி முடித்த நாள்: 17.11.2024, ஞாயிற்றுக்கிழமை.